நூற்றறுபது டிகிரி

வர்க்கி வேகும் அடுப்பில் மண் வேகுமா என்று
டெல்லியிலிருந்து வந்த பையன் கேட்டபோது
கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை தவறிவிட்டது.

கடலுக்கு அப்பால் ஓர் ஊரில்
உலகத்துக் கலையெல்லாம் கூடும் கண்காட்சியாம்.
நாட்டுக்கு ஒரு கூடமாம்.
நம் கூடத்தின் நடுவே
ஒரு மலைச்சரிவை அப்படியே கொட்டி வைப்பார்களாம்.
மண் வேண்டும், நாற்பது சாக்கு.
ஆனால் அந்தத் துறைமுகம் உயிருள்ள மண்ணை உள்ளே விடாது.
புழு கூடாது. விதை கூடாது.
கண்ணுக்குத் தெரியாததும் கூடாது.
குன்னூரிலேயே பெரிய அடுப்பு உங்களுதுதான் அக்கா, என்றான்.

ஒப்பந்தத் தாளில் என் பெயரை ஜோரா என்று அடித்திருந்தார்கள்.
ஜொஹரா என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.
நல்ல வாடகை. விறகு அவர்கள் செலவு.

லாரி வந்தது.
போன ஐப்பசியில் ரோட்டோடு இறங்கிய மேட்டு மண்,
காட்டேரிக்குக் கீழே.
சாக்கை முதலில் அவிழ்த்தவன் என் அடுப்புக்காரன் ஜெசுராஜ்.
கொஞ்சம் எடுத்தான், முகர்ந்தான்.
"இது எங்க லைன் மண்ணுக்கா" என்றான்,
ஈஸ்ட் பழசு என்று சொல்லும் அதே குரலில்.

அவன் வீடு அந்த மேட்டில் இருந்தது.
அன்றிரவு எல்லோரும் கோயில் ஜெபத்தில் இருந்ததால்
ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
இரண்டு ஆடு போயிற்று. பீரோ போயிற்று.
பட்டாவுக்கு எழுதி வைத்திருந்த மனுவும் போயிற்று.
வாடகையில் பாதியை அவனுக்குக் கொடுக்க நினைத்தேன்.
கால்வாசி கொடுத்தேன்.

சலித்தோம். வலையில் நின்றவை:
வேர், கூழாங்கல், ஒரு ரப்பர் செருப்பின் வார்,
பால் பாக்கெட், மண்புழுக்கள்.
புழுக்களை மட்டும் டப்பாவில் அள்ளி
பின்பக்கத்து பீன்ஸ் பாத்தியில் விட்டுவிட்டு வந்தான்.
சான்றிதழில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆறு இரவு.
கடைசி வர்க்கி இறங்கியபின் ட்ரேயில் மண்ணைப் பரப்பி
கத்தியால் சமன் செய்து உள்ளே தள்ளுவோம்.
முதலில் ஆவி.
பிறகு மழையில்லாமலே மழை வாசம்.
பிறகு மயிர் தீய்ந்தது போல ஒன்று.
பிறகு ஒன்றுமேயில்லை.

அந்த ஒன்றுமில்லைதான் வேண்டும் என்றார்
கோயம்புத்தூரிலிருந்து வந்த அதிகாரி.
கையுறையோடு தொட்டுப் பார்த்தார்.
நாட்டின் பெயர், எடை,
உயிர் இல்லை என்று ஒரு வரி,
முத்திரை.
"எங்கப்பா சிலோன்லேருந்து வந்து இறங்கினப்பவும்
மண்டபத்துல இப்படித்தான் மருந்தடிச்சாங்களாம் சார்."
அவர் மை காய ஊதிக்கொண்டிருந்தார்.

காலை வர்க்கியில் மண் வாசம் அடிக்கிறதென்று
யாராவது சொல்வார்களோ எனப் பயந்தேன்.
டிராயிங் வாத்தியார் மட்டும்
இன்னொரு கால் கிலோ கேட்டார்.

சித்திரையில் பையன் படம் அனுப்பினான்.
வெள்ளைச் சுவர். வாசல் மேல் நம் நாட்டின் பெயர்.
உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மேடு,
சுற்றிலும் கயிறு,
தொடாதீர்கள் என்று நான்கு மொழியில்.
நம் மொழி அதில் இல்லை.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரி
கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
ஜெசுராஜ் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தான்.
"அடுக்களை எந்தப் பக்கம்னு தெரியல."
மாவு பொங்கிவிடும் என்று எழுந்து போனான்.

எடை கூடிப்போனதால் கப்பலேறாமல்
ஒரு சாக்கு இங்கேயே நின்றுவிட்டது,
நீல மையில் இந்தியா என்று ஆங்கிலத்தில்.
பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க
அதைத்தான் முட்டுக்கொடுத்திருந்தோம்.

நேற்று மழை விட்டதும்
"இதைப் பாத்தில கொட்டிரட்டுமாக்கா?" என்றான்.
வெந்த மண்ணில் என்னடா முளைக்கும்,
கதவு வேறு அடிக்கும், என்றேன்.
சரிக்கா என்றான்.

போய், கதவுக்கு ஒரு கல் கொண்டுவந்து வைத்தான்.